சுண்ணாம்பு மேட்டில் ஒரு சைக்கிள் தடம்

கரடுமுரடான மண்பாதைக்கென வடிவமைத்த கிராவல் சைக்கிளுக்கு இங்கிலாந்தில் பேர்போன தடம் 'கிங் ஆல்ஃபிரட்ஸ் வே'. சைக்கிளிங் யூகே அமைப்பு 2020-இல் அறிமுகப்படுத்திய இந்த 350 கிலோமீட்டர் சுற்றுப்பாதை, வின்செஸ்டரில் தொடங்கி ஸ்டோன்ஹெஞ்ச், ஏவ்பரி, ரெடிங், ஃபார்ன்ஹம் பக்கமாகச் சுற்றி வின்செஸ்டருக்கே திரும்புகிறது.

ஏவ்பரியை அடுத்து வரும் ரிட்ஜ்வே, வரலாற்றுக்கு முந்தைய காலத்திலிருந்தே மக்கள் நடந்த மேட்டுப்பாதை; இந்தப் பயணத்தின் உயிர்நாடி அதுதான். வெயிலில் வெள்ளைவெளேரென்று இறுகிக் கிடக்கும் அதன் சுண்ணாம்புத் தரை, மழை பெய்தால் சோப்பாக வழுக்கும். சக்கிமுக்கிக் கல்லின் கூர்முனை டயரைக் கிழித்துவிடும். 40 மில்லிமீட்டர் அகல டயரும் பஞ்சர் ஒட்டும் சாமான்களும் கட்டாயம் வேண்டும்.

இத்தடத்தில் வருபவை போன்ற குதிரைப் பாதைகளில் சைக்கிள் ஓட்டும் உரிமையை 1968-ஆம் ஆண்டுச் சட்டம் தந்தது. நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையும் அதிலேயே உண்டு.