கேட்டே நடித்த பாலையா

டி.எஸ்.பாலையா என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கணீரென்ற அந்தக் குரல்தான். எனக்கு அவருடைய காதுகள்தான் முதலில் நினைவுக்கு வரும். அடுத்தவர் பேசும்போதும் பாடும்போதும் வாசிக்கும்போதும் அவர் கேட்கிற அழகுக்கு ஈடாக இன்னொருவரை நான் திரையில் பார்த்ததில்லை.

1914-இல் நெல்லைச் சீமையில் பிறந்து, நாடக மேடையிலிருந்து சினிமாவுக்கு வந்தவர். எம்.ஜி.ஆரின் முதல் படமான ‘சதி லீலாவதி’யில் (1936) இவர்தான் வில்லன். அடுத்த ஆண்டு ‘அம்பிகாபதி’யில் எம்.கே.தியாகராஜ பாகவதரோடு வாள் சுழற்றினார். அண்ணாவின் ‘வேலைக்காரி’யில் (1949) கதாநாயகனுக்கு யோசனை சொல்லிக்கொடுக்கும் நண்பன் மணி. ‘பாகப்பிரிவினை’யில் (1959) மனைவியின் பேச்சுக்கும் தம்பி பாசத்துக்கும் நடுவே தவிக்கும் அண்ணன். வில்லன், நண்பன், குடும்பஸ்தன் என்று எந்த வேடம் போட்டாலும் அச்சு அசலாக அந்த ஆளாகவே நின்றார்.

ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தில் நாகேஷ் தன் அப்பாவான பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியை எத்தனையோ முறை பார்த்திருப்போம். அதில் நாகேஷின் அமர்க்களத்தைச் சற்று ஒதுக்கிவிட்டு பாலையாவை மட்டும் பாருங்கள். வசனம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. கண் மெல்ல விரிகிறது, உடம்பு ஒடுங்குகிறது. மகன் எழுப்பும் ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் முகம் வெலவெலத்துப் போகிறது. அந்தக் கதையில் பயம் இருப்பதாக நம்மை நம்பவைப்பது அவர் முகம்தான். கேட்பவர் அப்படி மிரளாவிட்டால் நாகேஷின் கதை வெறும் சேஷ்டையாகப் போயிருக்கும். அதே படத்தில், தான் ஏளனம் செய்த இளைஞன் கோடீஸ்வரர் வீட்டுப் பிள்ளை என்று கேள்விப்பட்ட நொடியில் வெறும் அசோக் ‘அசோகர்’ ஆகிவிடுகிறான். குரலில் வழியும் அந்தத் திடீர் மரியாதைக்குத் தியேட்டரே அதிரும்.

‘திருவிளையாடல்’ (1965) ஹேமநாத பாகவதருக்குப் பாலமுரளிகிருஷ்ணா குரல் கொடுத்தார். சீடர்கள் புடைசூழப் பாடும் அந்தச் சபைக் காட்சியில் வித்வ கர்வம் உடம்பெல்லாம் தெரிகிறது. என்னைக் கேட்டால், அதைவிடப் பெரிய நடிப்பு அன்றிரவு விறகுவெட்டியின் பாட்டை அவர் கேட்கும் இடம்தான். முதலில் வியப்பு, பிறகு சந்தேகம், கடைசியில் கிலி. பாடுகிறவர் சிவாஜி. ஆனால் ஒரு வித்வானின் கர்வம் உடைவதை நாம் பார்ப்பது பாலையாவிடம்.

‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) தவில் வித்வான் முத்துராக்கு கடைசிப் பெரிய விருந்து. காயம்பட்ட நாதஸ்வரக் கலைஞனிடம் ஆடியபடியே மோகனா நலம் விசாரிக்கிறாள். சிவாஜி, பத்மினி இருவரின் கண்களும் பேசிக்கொள்ள, பக்கத்தில் தவிலோடு இருக்கும் மனிதருக்கு எல்லாம் புரிந்துவிடுகிறது. கை தாளம் தப்பவில்லை, மனசு உருகுவது மட்டும் முகத்தில் தெரிகிறது.

கதாநாயகன் பேசும்போது பக்கத்தில் சும்மா நிற்கிற துணை நடிகர்களை இன்றைய படங்களில் நிறையவே பார்க்கிறோம். நடிக்க வருகிற இளைஞர்கள் இந்த மூன்று காட்சிகளையும் சத்தத்தை அணைத்துவிட்டு ஒருமுறை பார்க்க வேண்டும். பாலையா 1972-இல் காலமானார். அவருடைய இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை.