முழுக்கவனச் சிகிச்சையும் வயதுவந்தோருக்கான உளமதிப்பீடும்: திருமழபாடி வட்டாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

முழுக்கவனத்தை அடிப்படையாகக் கொண்ட உளச்சிகிச்சை முறைகள் தமிழகத்தில் பரவலாகப் பேசப்படுகின்றன. ஆயினும், அச்சிகிச்சைக்கு முன்னர் நிகழவேண்டிய உளமதிப்பீடு குறித்துத் தமிழில் போதிய விளக்கம் இல்லை. யாருக்கு இச்சிகிச்சை பயன்படும், யாருக்குப் பயன்படாது என்பதை மதிப்பீடே உறுதிசெய்கிறது. அம்மதிப்பீட்டின் நம்பகத்தன்மையோ அதில் ஆளப்படும் தமிழ்ச் சொற்களைச் சார்ந்தது. இக்கருத்தை அரியலூர் மாவட்டம் திருமழபாடி வட்டாரச் சூழலை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: முழுக்கவனம், உளமதிப்பீடு, மனச்சோர்வு, மெய்ப்பாடு, கலைச்சொல்லாக்கம், திருமழபாடி.

முன்னுரை

கொள்ளிடத்தின் வடகரையில் அமைந்த திருமழபாடி, மூவர் பாடல் பெற்ற தலம். அங்கு எழுந்தருளியுள்ள இறைவனின் பெயர் வைத்தியநாதர். நோய் தீர்க்கும் பெயரோடு இறைவன் வழிபடப்படும் ஊரில், உடல்நோய்க்கும் மனத்துயருக்கும் மக்கள் முதலில் நாடும் இடம் கோயிலாக இருப்பதில் வியப்பில்லை. திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக் குணசீலம் கோயிலில் மனநோயுற்றோர் ஒரு மண்டலம் தங்கி வழிபடும் வழக்கமும் இவ்வகையினதே.

இத்தகைய வழிபாட்டிடங்களை முற்றாகப் புறக்கணித்தல் அறிவுடைமை ஆகாது. தமிழகத்தின் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கிய 31 மனநோயாளரை இரகுராம் குழுவினர் ஆராய்ந்து 2002இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டனர். கோயிலுக்கு வந்தபோதும் அங்கிருந்து புறப்பட்டபோதும் தரமதிப்பீட்டு அளவுகோல் கொண்டு அவர்கள் அளக்கப்பட்டனர். நோய்க்குறிகளின் மதிப்பெண் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 2001 ஆகஸ்டு 6ஆம் நாள், ஏர்வாடியின் காப்பகம் ஒன்றில் ஏற்பட்ட தீயில் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் மாண்டனர். இரண்டு நிகழ்வுகளுமே நம்பிக்கையின் நிழலில் நிகழ்ந்தவை. ஓரிடத்தில் ஒவ்வொருவரின் நிலையும் கேட்டறியப்பட்டு அளக்கப்பட்டது. மற்றோரிடத்தில் மனிதர் கட்டிவைக்கப்பட்டனர். முழுக்கவனச் சிகிச்சையைப் பற்றிப் பேசும்போதும் இவ்வேறுபாட்டை மனங்கொள்ள வேண்டும்.

முழுக்கவனச் சிகிச்சை: தோற்றமும் சான்றும்

பௌத்த மரபின் தியானப் பயிற்சிகளிலிருந்து சமயச் சார்பற்ற பயிற்சித் திட்டம் ஒன்றை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் 1979இல் ஜான் கபாட்-சின் தொடங்கினார். நாட்பட்ட வலியும் மன இறுக்கமும் உடையோருக்காக உருவான எட்டு வாரத் திட்டம் அது. அதன் அமைப்பை அறிவாற்றல் சிகிச்சையோடு இணைத்து, மனச்சோர்வு மீண்டும் வராமல் தடுக்கும் முறையைச் சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் ஆகிய மூவரும் வகுத்தனர். முன்னது இறுக்கத் தணிப்புக்கானது. பின்னது மனச்சோர்வின் மீள்வரவைத் தடுப்பதற்கானது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் பிழை.

சான்றுகளும் இவ்வேறுபாட்டை உறுதிப்படுத்துகின்றன. டீஸ்டேல் குழுவினர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட 145 பேர் பங்கேற்ற ஆய்வில், மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வுக்கு ஆளானவர்களிடையே வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றோருள் 66 விழுக்காட்டினருக்கு நோய் மீண்டது. முழுக்கவனச் சிகிச்சையும் பெற்றோருள் 37 விழுக்காட்டினருக்கே மீண்டது. இருமுறை மட்டும் ஆளானவர்களிடம் இப்பயன் காணப்படவில்லை. கைக்கன் குழுவினர் 2015இல் வெளியிட்ட 424 பேர் ஆய்வில், மருந்தைப் படிப்படியாகக் குறைக்கும் துணையோடு இச்சிகிச்சை பெற்றோருக்கும் மருந்தைத் தொடர்ந்தோருக்கும் ஈராண்டு மீள்வரவு விகிதம் முறையே 44, 47 விழுக்காடு. இவ்விரண்டிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பதற்றக் கோளாறுடைய 276 வயதுவந்தோரிடம் ஹோஜ் குழுவினர் நிகழ்த்தி 2022இல் வெளியிட்ட ஆய்வு, எட்டு வார முழுக்கவனப் பயிற்சி எஸ்சிட்டலோபிராம் மருந்துக்குக் குறைந்ததன்று எனக் காட்டியது.

இச்சான்றுகளிலிருந்து பெறப்படும் உண்மை எளியது. இச்சிகிச்சையின் பயன் நோயின் வகையையும், அது முன்னர் எத்தனை முறை வந்தது என்பதையும் சார்ந்தது. அவ்விரண்டையும் கேட்டறியாமல் ஒருவரைப் பயிற்சிக்கு அமர்த்துவது, நாடி பாராமல் மருந்தளிப்பதற்கு ஒப்பாகும்.

சொல்லே முதற்கருவி

தமிழில் இச்சிகிச்சையின் முதல் இடர்ப்பாடு அதன் பெயரிலேயே தொடங்குகிறது. ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்பதற்கு ‘மனநிறைவு’ என்றொரு பெயர்ப்பு வழங்குகிறது. தமிழில் மனநிறைவு என்பது திருப்தியையே குறிக்கும். துயருற்று வந்தவரிடம் ‘மனநிறைவுப் பயிற்சி’ என்றால், திருப்தியடையக் கற்றுத்தருகிறார்கள் என்றே அவர் கொள்வார். ‘நினைவாற்றல்’ என்பது மற்றொரு பெயர்ப்பு. இதன் மூலமான பாலிச் சொல் நினைவோடு தொடர்புடையதாதலின் சொற்பிறப்பு நோக்கில் இதற்கு இடமுண்டு. ஆயினும் கேட்பவர் அதனை மறதிக்கான பயிற்சியாகவே புரிந்துகொள்வர். ‘விழிப்புணர்வு’ என்பது அரசின் பரப்புரைகளால் வேறு பொருள் ஏற்றுவிட்டது. இக்கட்டுரை ‘முழுக்கவனம்’ என்ற சொல்லை ஆள்கிறது. சிகிச்சை அறையிலோ, ‘இப்போது நடப்பதை, நல்லது கெட்டது என்று முடிவுகட்டாமல் கவனிப்பது’ என்னும் விளக்கமே போதுமானது.

இதனினும் பெரிய இடர் நோயின் பெயரில் உள்ளது. ‘மன அழுத்தம்’ என்ற சொல் செய்தித்தாள்களிலும் பேச்சிலும் இறுக்கத்துக்கும் மனச்சோர்வு நோய்க்கும் ஒருசேர வழங்குகிறது. கடன் தொல்லையால் இறுக்கமுற்ற உழவரும், மூன்றாம் முறையாக மனச்சோர்வு நோய்க்கு ஆளானவரும் ‘மன அழுத்தம்’ என்றே கூறக்கூடும். முன்னவருக்குரிய திட்டம் வேறு, பின்னவருக்குரியது வேறு. ‘மனச்சோர்வு’ என்ற கலைச்சொல்லிலும் சிக்கல் உண்டு. மனச்சோர்வை மதிப்பிடப் பரவலாக ஆளப்படும் ஒன்பது வினாப் படிவத்தில், மனம் தாழ்ந்திருத்தல் ஒரு வினா. களைப்பு மற்றொரு வினா. இரண்டிலும் ‘சோர்வு’ என்ற சொல் இடம்பெறுமாயின், நாற்றுநட்டுத் திரும்பிய தொழிலாளி தம் உடற்களைப்பையே இருமுறை கூறுவார். மதிப்பெண் உயரும், நோய் உயர்ந்திராது.

மெய்ப்பாடும் உடல்வழித் துயரும்

நம் வட்டாரங்களில் மனத்துயர் பெரும்பாலும் உடலின் மொழியிலேயே வெளிப்படுகிறது. ‘நெஞ்சு அடைக்கிறது’, ‘தலை கனக்கிறது’, ‘உடம்பெல்லாம் எரிகிறது’, ‘மனசு பாரமாக இருக்கிறது’ என்பனவே நோயாளர் வாய்மொழி. இவற்றை அறியாமை என்று தள்ளுதல் தகாது. உள்ளத்து உணர்வு உடலின் வழியே புலப்படுதலை மெய்ப்பாடு எனத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. எண்வகை மெய்ப்பாடுகளுள் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்கள் அங்குக் கூறப்படுகின்றன. அஃதாவது பிறரால் இகழப்படுதல், உயிரோ பொருளோ இழத்தல், முன்னைய நிலை குன்றுதல், இல்லாமை.

தொல்காப்பியம் இலக்கிய இலக்கணம், நோயறி நூலன்று. இன்றைய உளவியலை அதில் தேடுதல் முறையும் அன்று. எனினும் துயரின் காரணங்களைத் தனிமனித உள்ளத்துக்குள் மட்டும் தேடாமல் சமூக வாழ்விலும் தேடும் அப்பகுப்பு, நேர்காணலுக்குப் பயனுள்ள நினைவூட்டலாகும். ‘யாரேனும் உங்களை இழிவாகப் பேசினார்களா? அண்மையில் எதையேனும் இழந்தீர்களா? முன்பு இருந்த நிலை மாறிவிட்டதா? கைப்பணத்துக்கு முட்டுப்பாடா?’ என்னும் நான்கு வினாக்களுக்கும் தமிழர் எவரும் தயங்காமல் விடைகூற இயலும். விடைகளுள் வறுமையும் இழிவும் மேலோங்கி நிற்குமாயின், மூச்சைக் கவனிக்கும் பயிற்சி மட்டும் அவருக்குத் தீர்வாகாது. உரிய நலத்திட்டமோ சட்ட உதவியோ முதலில் தேவைப்படலாம்.

மதிப்பீட்டின் படிநிலைகள்

வயதுவந்தோருக்கான உளமதிப்பீட்டைப் பின்வரும் வரிசையில் அமைக்கலாம்.

முதலாவது, உடல்நிலை ஆய்வு. குருதிச்சோகை, தைராய்டு குறைபாடு, நீரிழிவு ஆகியன களைப்பையும் ஊக்கமின்மையையும் தோற்றுவிக்கும். எனவே அடிப்படைக் குருதிச் சோதனைகள் முந்த வேண்டும். மது அருந்தும் பழக்கத்தை உலக நலவாழ்வு நிறுவனத்தின் பத்து வினாப் படிவம் கொண்டு அறியலாம்.

இரண்டாவது, நோய் வரலாறு. ‘இதற்கு முன் எத்தனை முறை இப்படி இருந்தது?’ என்ற வினாவுக்குப் பலரால் ஆண்டு, மாதம் கூறி விடையளிக்க இயலாது. ஊரின் நாட்காட்டியைத் துணைக்கொண்டால் இயலும். பங்குனியில் திருமழபாடியில் நடைபெறும் நந்தி திருக்கல்யாணம், தைப்பொங்கல், சம்பா அறுவடை, வீட்டுத் திருமணங்கள், மகப்பேறு ஆகியவற்றை அடையாளமாக வைத்து வினவினால், நோயின் வருகைகளை வரிசைப்படுத்தலாம். மூன்று முறை என்னும் எல்லை சிகிச்சைத் தேர்வில் எத்துணை இன்றியமையாதது என்பது மேலே காட்டப்பட்டது.

மூன்றாவது, அளவுகோல்கள். ஒன்பது வினாப் படிவத்தில் மொத்த மதிப்பெண் 27. பத்தும் அதற்கு மேலும் பெறுவோர் விரிவான ஆய்வுக்கு உரியர். பதற்றத்துக்கான ஏழு வினாப் படிவத்தின் மொத்த மதிப்பெண் 21. இவை வடிகட்டும் கருவிகளே. நோயை உறுதிசெய்வன அல்ல. முழுக்கவனத்தை அளக்கும் 39 வினாப் படிவத்தில் எதிர்மறைத் தொடர்கள் பல உள. எதிர்மறை வினாவுக்கு ‘இல்லை’ என்று கூறும்போது ஆம் எனப் பொருள்படுமா, அன்றெனப் பொருள்படுமா என்னும் குழப்பம் தமிழில் எளிதில் நேரும். வாய்மொழியாக வினவும் இடங்களில் இஃது இன்னும் மிகும். மொழிபெயர்த்த படிவத்தை வேறொருவர் மூலமொழிக்கு மீள்பெயர்த்து ஒப்பிடுவதும், உள்ளூர் மக்களிடம் ‘இவ்வினாவை எவ்வாறு புரிந்துகொண்டீர்கள்?’ எனக் கேட்டறிவதும் இன்றியமையாதன.

திருமழபாடிக் கோயில் வரலாறே இதற்கொரு முன்மாதிரி. முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் இக்கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டபோது, பழைய சுவர்களிலிருந்த கல்வெட்டுகளைப் பிரிப்பதற்கு முன் புத்தகத்தில் படியெடுக்கச் செய்தான். அவை முதலாம் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் மீண்டும் பொறிக்கப்பட்டன. ஓரிடத்துச் சொல்லை மற்றோரிடத்துக்கு மாற்றும்போது பொருள் சிதையாமல் காக்கும் இப்பொறுப்பு, உளவியல் படிவங்களைப் பெயர்ப்போருக்கும் உரியது.

நான்காவது, ஆபத்து மதிப்பீடு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்பதை நேரடியாகவும் கனிவாகவும் வினவ வேண்டும். வினவுவதால் அவ்வெண்ணம் தோன்றிவிடும் என்பது ஆதாரமற்ற அச்சம். உழவுத் தொழிலே மிகுந்த இவ்வட்டாரத்தில் பூச்சிமருந்து வீட்டில் எங்கே வைக்கப்பட்டுள்ளது என்பதும் வினவத்தக்கது; அதனைக் குடும்பத்தார் பொறுப்பில் பூட்டிவைக்கச் செய்தல் உடனடிப் பாதுகாப்பு. அவ்வெண்ணம் தீவிரமாக இருப்பவர், மாயக்குரல் கேட்பவர், கடுங்கொடுமைக்கு ஆளாகி அதன் நினைவுகளால் அலைக்கழிக்கப்படுபவர் ஆகியோரைக் கண்மூடி அமரும் பயிற்சிக்கு உடனே அனுப்புதல் தீங்காகலாம். அமைதியில் நினைவுகள் பெருகும். மூச்சைக் கவனிப்பது சிலருக்குப் பதற்றத்தை மிகுவிக்கும். அவர்களை முதலில் மனநல மருத்துவரிடம் ஆற்றுப்படுத்த வேண்டும்.

வட்டாரத்துக்கேற்ற தகவமைப்பு

எட்டு வாரத் திட்டத்தில் வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரத்துக்கு மேல் அமர்வும், நாள்தோறும் 45 நிமிடம் வரை வீட்டுப் பயிற்சியும் வேண்டப்படுகின்றன. நடவும் அறுவடையும் நிகழும் நாட்களில் கூலித் தொழிலாளருக்கு இஃது இயலாது. பயிற்சிக் காலத்தை வேளாண் ஓய்வுக் காலத்தில் அமைத்தலும், மூன்று நிமிட மூச்சுப் பயிற்சியை வேலையிடையே செய்யப் பழக்குதலும் பொருந்தும். முதல் அமர்வில் உலர்திராட்சையைக் கவனித்து உண்ணும் பயிற்சிக்கு நெல்லிக்காயும் ஏற்றதே.

சமயப் பன்மையும் கருதத்தக்கது. திருமழபாடியிலிருந்து தொலைவில்லாத ஏலாக்குறிச்சியில், சதுரகராதி தந்த வீரமாமுனிவர் பணியாற்றிய அடைக்கல மாதா திருத்தலம் உள்ளது. இவ்வட்டாரத்துச் சைவர்க்கும் கிறித்தவர்க்கும் இசுலாமியர்க்கும் பொதுவான பயிற்சியாக இஃது அமைய வேண்டுமெனில், எச்சமயச் சொல்லையும் சாராத எளிய தமிழே ஏற்றது. நோயாளர் தம் வழிபாட்டைத் தொடர விரும்பின் தடுக்கவும் வேண்டுவதில்லை.

மறைகாப்பு மற்றொரு கடமை. ஒருவரையொருவர் அறிந்த சிற்றூரில் பொதுமண்டபத்தில் வினவப்படும் வினாவுக்கு உண்மை விடை கிட்டாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் நோயாளரின் மறைகாப்பு உரிமையை உறுதிசெய்கிறது. மதிப்பீடு செய்வோர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளராகவோ மனநல மருத்துவராகவோ இருத்தல் வேண்டும். அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் தொடங்கப்பெற்றதும், அதே ஆண்டு அக்டோபரில் 14416 என்னும் இலவசத் தொலைபேசி மனநலச் சேவை நாடெங்கும் அறிமுகமானதும் இவ்வட்டார மக்களுக்குக் கிட்டியுள்ள வாயில்கள்.

முடிவுரை

முழுக்கவனச் சிகிச்சை சான்றுகளால் நிறுவப்பட்ட முறை. எனினும் எல்லார்க்கும் எல்லா நிலையிலும் உரியதன்று. அதனைச் சிகிச்சையாக்குவது அதற்கு முந்தைய மதிப்பீடே. அம்மதிப்பீடு தமிழில் நிகழும்போது, ‘மன அழுத்தம்’ என்ற ஒரே சொல் இருவேறு நோயாளரை ஒரே வரிசையில் நிறுத்திவிடக்கூடும். ஆகவே படிவங்களைச் செப்பம் செய்யும் பணி உளவியலார்க்கு மட்டும் உரியதன்று. வட்டார வழக்கும் இலக்கண மரபும் அறிந்த தமிழாய்வாளர்க்கும் உரியது. துயரைக் குறிக்கும் வட்டாரச் சொற்களைத் தொகுத்தல், வழக்கிலுள்ள படிவங்களின் தமிழ் வடிவங்களை மக்களிடம் வினவிச் சரிபார்த்தல் ஆகிய இரண்டும் தமிழ்த்துறைகளும் உளவியல் துறைகளும் இணைந்து மேற்கொள்ளத்தக்க ஆய்வுகளாகும். ‘நெஞ்சு அடைக்கிறது’ என்று வந்தவரின் துயர் இன்னதெனப் பிழையின்றி அறியப்படுவதே அவ்வாய்வுகளின் பயனாக அமையும்.