செல்லைக் கலைக்கும் நொதி

சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்பது ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள உருளைப்புழு. அதன் இருபால் வகை முழு வளர்ச்சி அடைவதற்குள் 1,090 உடற்செல்கள் உண்டாகின்றன. மிஞ்சுபவை 959. மற்ற 131 செல்களும் குறித்த இடத்தில், குறித்த நேரத்தில் இறந்துவிடுகின்றன. நோயில்லை, காயமில்லை, இறப்பது வளர்ச்சியின் பகுதி.

இந்த இறப்புக்குப் பொறுப்பான மரபணுக்களைத் தேடியவர் ராபர்ட் ஹார்விட்ஸ். சிட்னி பிரென்னர், ஜான் சல்ஸ்டன் ஆகியோருடன் 2002இல் நோபல் பரிசு பெற்றார். செட்-3 என்ற மரபணு பழுதான புழுக்களில், இறக்கவேண்டிய செல்கள் உயிரோடு தங்கிவிட்டன. 1993இல் ஜுன்யிங் யுவானும் ஹார்விட்ஸும் சகாக்களும் அந்த மரபணுவைப் படித்துப் பார்த்தபோது, அழற்சியில் பங்குபெறும் ஒரு மனித நொதியின் சாயல் அதில் தெரிந்தது. புழுவையும் மனிதரையும் இணைக்கும் அந்த நொதிக் குடும்பத்துக்குத்தான் இப்போது காஸ்பேஸ் என்று பெயர். உயிரியலில் என்னை மிகவும் வியக்கவைத்த உறவு இது.

மனித செல்லைக் கலைக்கும் வேலையில் பெரும்பங்கு காஸ்பேஸ்-3 உடையது. 277 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே சங்கிலியாக அது செல்லுக்குள் உறங்கிக் கிடக்கிறது. இறப்புக்கான உத்தரவு வந்ததும் இன்னொரு காஸ்பேஸ் அதை வெட்டுகிறது. பெரிய துண்டு இரண்டும் சிறிய துண்டு இரண்டும் ஒட்டிக்கொள்ள, கத்தரி தயார். ஆனால் கண்டதையெல்லாம் அது வெட்டாது. அஸ்பார்டிக் அமிலத்தை அடுத்துத்தான் வெட்டும். அதற்கு முன்னுள்ள மூன்று அமினோ அமிலங்களும் பொருந்தியிருக்க வேண்டும். டி.என்.ஏ.வைத் துண்டாக்கும் இன்னொரு நொதியைப் பூட்டிவைத்திருக்கும் புரதம் அது வெட்டுபவற்றில் ஒன்று. பூட்டு உடைந்ததும் டி.என்.ஏ. துண்டு துண்டாகிறது.

செல்லுக்குள் ஆயிரக்கணக்கான புரதங்கள் கலந்து கிடக்கையில், எதை எது வெட்டியது என்று பிரித்தறிவது கடினம். அதனால் காஸ்பேஸ்-3இன் மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்தி, அங்கேயே மனிதப் புரதத்தை உற்பத்தி செய்கிறார்கள். இதுவே மறுசேர்க்கைப் புரதம். காஸ்பேஸ் வழியாக இறக்கும் ஏற்பாடு ஈ.கோலையில் இல்லை. ஆகவே வெட்டிவிட அங்கே வேறு காஸ்பேஸும் கிடையாது. ஆனாலும், அளவு மிகும்போது இந்தப் புரதம் தன்னைத்தானே வெட்டிக்கொண்டு விழித்துவிடுகிறது! புரதத்தின் ஓரத்தில் ஹிஸ்டிடின் அமினோ அமிலங்களை வரிசையாகச் சேர்த்திருப்பார்கள். அவை நிக்கலோடு ஒட்டும் என்பதால், பாக்டீரியாச் சாற்றிலிருந்து இதை மட்டும் பிரித்தெடுக்கலாம். வெட்டும் இடத்திலுள்ள சிஸ்டீன் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் வேலை கெடும். ஆகவே கரைசலில் அதைத் தடுக்கும் வேதிப்பொருளும் சேர்ப்பார்கள்.

வேலை செய்கிறதா என்று பார்ப்பது எளிது. அது வெட்டக்கூடிய நான்கு அமினோ அமிலத் துணுக்கில் ஒரு நிறமிப்பொருளைக் கோத்துக் கொடுக்கிறார்கள். வெட்டு விழுந்ததும் திரவம் மஞ்சளாகிறது. 405 நானோமீட்டர் ஒளியில் அளந்தால் வேகம் தெரியும். காஸ்பேஸைத் தடுக்கும் மருந்து மூலக்கூறுகளை முதலில் சோதிப்பதும் இப்படித்தான்.

சோதனைக்குழாயில் கிடைக்கும் விடையை அப்படியே செல்லுக்குப் பொருத்துவது ஆபத்து. அங்கே எக்ஸ்.ஐ.ஏ.பி. என்ற புரதம் காஸ்பேஸ்-3ஐ இறுகப் பிடித்து நிறுத்தும். சில புற்றுநோய்ச் செல்களில் இந்த நொதியே கிடையாது. உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்க்கப்படும் எம்.சி.எஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய்ச் செல்கள் அப்படிப்பட்டவை. அவற்றின் காஸ்பேஸ்-3 மரபணுவில் 47 எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன. அவையும் இறக்கின்றன, ஆனால் டி.என்.ஏ. துண்டாவதில்லை. சரியான மரபணுவைத் திருப்பிக் கொடுத்தபோது துண்டாகியது என்று 1998இல் காட்டினார்கள். இந்தச் செல்களில் காஸ்பேஸ்-3ஐ மட்டும் அளந்துவிட்டு, ஒரு மருந்து அவற்றைக் கொல்லவில்லை என்று முடிவுகட்டினால் அது தவறு.