பாளை அரிவாள் தீட்டுவதில் நேரும் குறைகளும் அவற்றின் திருத்தமும்

சவரக் கத்திக்கு நிகரான கூர்மை வேண்டுவதொரு கருவி நம் பனந்தொழிலில் உண்டு. அதுவே பாளை அரிவாள். கூரிய அரிவாள் பாளையின் நுனியை ஏடு போல் மெல்லிதாகச் சீவும். பதநீர் தடையின்றிச் சுரக்கும். மழுங்கிய அரிவாளோ நாரை நசுக்கிச் சுரப்பை அடைக்கும். மேலும் கனமாகச் சீவ நேர்வதால், பருவம் முடியுமுன்னரே பாளை தீர்ந்துவிடும். மழுங்கிய வாய்க்குப் பலம் மிகுதியாக வேண்டும். மரத்தின் உச்சியில் பலத்தைச் செலுத்துகையில் கை நழுவினால் உயிருக்கே அபாயம்.

உடன்குடிப் பனங்கருப்பட்டி 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆயினும் பனையேறுவோர் குறைந்து வருகின்றனர். தந்தையிடம் மகன் தீட்டக் கற்கும் வழக்கமும் அருகிவிட்டது. ஆதலின் புதிதாகத் தொழில் பயிலும் அங்கத்தினர்களுக்காக இக்குறிப்புகள் தரப்படுகின்றன.

முதலாவது, எவ்வளவு தீட்டியும் கூர் ஏறாமை. சவரக் கத்தியின் முதுகும் வாயும் ஒருங்கே கல்லில் படிவதால் சாய்வு தானே அமைந்துவிடும். அரிவாளுக்கு அவ்வசதி இல்லை; சாய்வைக் கையே காக்க வேண்டும். வாயோரத்தில் எழுதும் மையைப் பூசி, நான்கைந்து முறை தீட்டிப் பாருங்கள். ஓரத்தில் மை அழியாதிருப்பின் முதுகைச் சற்றே உயர்த்துக. நுனியோரத்தில் மட்டும் அழிந்திருப்பின் தாழ்த்துக.

இரண்டாவது, தீட்டியவுடன் கூராயிருந்து விரைவில் மழுங்குதல். வாயில் பிசிர் நிற்பதே இதற்குக் காரணம். பலமாக அழுத்தித் தீட்டுவதால் பிசிர் வளரும். அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்து, இருபுறமும் மாறிமாறித் தீட்டுக. இறுதியில் முதுகு முன்செல்ல, வாய் பின்தொடரப் பலகையில் மெதுவாக இழுத்து முடிக்க வேண்டும்.

மூன்றாவது, பலகையில் தீட்டிய பின்னரும் வாயில் கீறல் விழுதல். வெங்கச்சங்கல் பொடியில் பருமணல் கலந்திருக்கும். நெருக்கமாக நெய்த துணியில் பொடியைச் சலித்துக்கொள்க. நம் நெசவாள அங்கத்தினரிடம் ஒரு துண்டுத் துணி கேட்டால் மறுக்கவா போகிறார்?

நான்காவது, கல்லின் நடுவில் பள்ளம் விழுதல். பள்ளக் கல்லில் வாய் சீராகப் படியாது, கூர் உருண்டுவிடும். இரு கற்களுக்கிடையே மணலும் நீரும் இட்டு, மட்டமாகும்வரை தேய்த்துச் சரிசெய்யலாம்.

ஐந்தாவது, விசைச் சாணையில் பிடித்து வாயில் நீலம் பாயச் செய்தல். நீலம் பாய்ந்த இடத்தில் எஃகின் பதம் போய்விட்டது. நீரில் நனைப்பதால் அது மீளாது. கொல்லரிடம் கொடுத்து மீண்டும் பதம் ஏற்ற வேண்டும்.

ஆறாவது, துரு. மாப்பிள்ளையூரணி போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று இரும்பை விரைவில் அரிக்கும். வாயில் படிந்த பதநீரும் புளித்து அரிக்கும். இறங்கியதும் கழுவித் துடைத்து, எண்ணெய் தடவி வைக்க வேண்டும். ஏறுமுன் எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும்.

கூரைச் சோதிக்க விரலை வாயின் நீளத்தில் ஓட்டுதல் கூடாது. வாயை வெளிச்சத்தில் மேல்நோக்கிப் பிடித்துப் பாருங்கள். வெண்கோடு தெரியுமிடம் மழுங்கிய இடம். கூரிய வாயில் ஒளி படிந்து நில்லாது.

சங்கந்தோறும் மட்டமான பொதுக் கல் ஒன்றை வைத்து, பருவம் தொடங்குமுன் அனுபவமிக்க முதியவர் ஒருவரைக் கொண்டு தீட்டும் முறையைக் கற்பித்தல் நலம். செலவு சிறிது, காக்கப்படுவதோ பாளையும் ஆளும்.