காப்பி தானாக வரும், கழுவல் தானாக நடக்காது

வீட்டுக்கு ஆட்டோமேட்டிக் எஸ்பிரெசோ மெஷின் வாங்கப் போகிறவர் ஷோரூமில் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “இதுல எத்தனை வகை காப்பி வரும்?” விற்பனையாளரும் உற்சாகமாகத் திரையைத் தட்டிக் காட்டுவார். எஸ்பிரெசோ, லுங்கோ, அமெரிக்கானோ, கப்புச்சினோ, லாட்டே, மக்கியாட்டோ என்று படம் படமாக நகரும். பார்க்கப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அத்தனைக்கும் சரக்கு மூன்றே மூன்று: காப்பி, வெந்நீர், நுரைத்த பால். எது எவ்வளவு, எது முதலில் விழுகிறது என்பதில்தான் பெயர் மாறுகிறது. ஒரே கம்பெனியின் ஐந்து வகை மெஷினிலும் பன்னிரண்டு வகை மெஷினிலும் உள்ளே இருக்கும் கிரைண்டரும் பம்பும் பல சமயம் ஒன்றேதான். கூடுதல் பணத்துக்குக் கிடைப்பது கூடுதல் படங்கள்.

ஷோரூமில் நான் கேட்கச் சொல்வது வேறு: “இதோட ப்ரூ குரூப்பை நானே கழட்டிக் கழுவ முடியுமா?”

ப்ரூ குரூப் என்பது மெஷினுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு பிளாஸ்டிக் கூண்டு. உள்ளங்கையில் அடங்குவதைவிடக் கொஞ்சம் பெரிது. பொத்தானை அழுத்தியதும் மேல் தொட்டியிலிருந்து காப்பிக் கொட்டை கிரைண்டருக்குள் இறங்கும். அரைபட்ட பொடி, மாடலையும் நாம் வைத்த ‘ஸ்ட்ராங்’ அளவையும் பொறுத்து 7 முதல் 14 கிராம் வரை, இந்தக் கூண்டில் விழும். உள்ளே இருக்கும் பிஸ்டன் பொடியை அமுக்கி வில்லையாக்கும். முதலில் கொஞ்சம் வெந்நீர் பாய்ந்து பொடியை நனைக்கும்; ஒரு சின்ன இடைவெளி; பிறகு பம்ப் முழு மூச்சில் தண்ணீரைத் தள்ளும். முப்பது மில்லி காப்பி இறங்கியதும் சக்கை வில்லையை அதற்கான டப்பாவில் தள்ளிவிட்டு, கூண்டு பழைய இடத்துக்கு வந்து நின்றுகொள்ளும். எல்லாம் சேர்த்து ஒரு நிமிஷம். காப்பிக் கடையில் ஒரு ஆள் நின்றுகொண்டு செய்யும் வேலை முழுவதும் இந்தக் கூண்டுக்குள் நடக்கிறது. அதனால் அழுக்கும் இங்கேதான் சேர்கிறது.

இந்த நிலைக்கு வந்து சேர இத்தாலிக்கு எண்பது வருஷத்துக்கு மேல் பிடித்தது. 1901-ல் மிலானில் லூயிஜி பெட்ஸெரா காப்புரிமை வாங்கிய இயந்திரம் நீராவி அழுத்தத்தில் ஓடியது; காப்பி வேகமாக வந்தது, கருகிய வாடையும் கூடவே வந்தது. அதே ஊர்க்காரரான அக்கீலே காஜியா இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஸ்பிரிங் வைத்த நெம்புகோலால் அழுத்தத்தைப் பல மடங்கு கூட்டினார். கோப்பையின் மேல் பொன்னிறத்தில் படியும் க்ரெமா அப்போதுதான் வந்தது. 1961-ல் ஃபாயெமா கம்பெனியின் ‘இ61’ நெம்புகோலை மோட்டார் பம்பிடம் ஒப்படைத்தது. கொட்டையை அரைப்பது முதல் சக்கையைத் தள்ளுவது வரை தானே செய்யும் வீட்டு மெஷினை 1985-ல் கொண்டுவந்தது, பொலோன்யாவை அடுத்த மலைச் சிற்றூரான காஜ்ஜோ மொந்தானோவின் சாயெகோ. அந்த சாயெகோவை 2009-ல் ஃபிலிப்ஸ் வாங்கியது. இன்று நம் கடைகளில் ஃபிலிப்ஸ் பெயரில் நிற்கும் மெஷினின் பக்கக் கதவைத் திறந்தால் கையோடு வெளியே வரும் அந்தக் கூண்டு, சாயெகோ வழி வந்த சரக்கு.

அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் ‘15 பார்’, ‘19 பார்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது பம்ப் அதிகபட்சம் தரக்கூடிய அழுத்தம். எஸ்பிரெசோவுக்கு வேண்டியது சுமார் 9 பார். பத்தொன்பது இருந்தால் காப்பி இரட்டிப்பு ருசியாகிவிடாது.

இனி கொட்டை. நம் வீடுகளில் முதல் விபத்து இங்கேதான் நடக்கிறது. பல மெஷின்களில் பொடி போடுவதற்கென்று மேலே தனியாக ஒரு வாய் உண்டு. வீட்டில் பில்டர் பொடி இருக்கிறதே என்று அதில் ஒரு கரண்டி போட்டுவிடுவார்கள். பில்டர் பொடியில் சிக்கரி உண்டு. நம் நாட்டுச் சட்டமே 49 சதவீதம் வரை அனுமதிக்கிறது. பில்டரில் மெல்லச் சொட்டும்போது டிகாக்ஷனுக்கு நிறமும் கெட்டியும் கொடுக்கும் அதே சிக்கரி, அழுத்தத்தில் வெந்நீர் பாயும்போது கரைந்து பிசுபிசுத்துச் சல்லடையை அடைத்துவிடும். சிக்கரி கலந்த எதையும் இந்த மெஷினுக்குள் விடாதீர்கள்.

கொட்டை வாங்க வெளிநாட்டுப் பாக்கெட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. இந்தியக் காப்பியை அதிகம் வாங்கும் நாடே இத்தாலிதான். நம் விளைச்சலில் பெரும்பகுதி ரோபஸ்டா. இத்தாலியர்கள் எஸ்பிரெசோ கலவையில் க்ரெமாவுக்காகவும் கனத்துக்காகவும் அதைச் சேர்க்கிறார்கள். குடகிலிருந்து கப்பலேறி, அங்கே வறுபட்டு, பளபளப்பான பாக்கெட்டில் நமக்கே திரும்பி வருவதை அதிக விலை கொடுத்து வாங்குவானேன்? உள்ளூரில் வறுத்து அரைத்துத் தரும் கடைக்குப் போய், “அரைக்க வேண்டாம், கொட்டையாவே கொடுங்க, சிக்கரி வேண்டாம், மீடியம் வறுவல்” என்று சொன்னால் போதும். பிளான்டேஷன் ஏ அல்லது பீபெரி முக்கால் பங்கு, ரோபஸ்டா கால் பங்கு என்பது பாலோடு குடிக்கிறவர்களுக்கு நல்ல தொடக்கம். வறுத்து ஒரு வாரம் ஆனதிலிருந்து ஒரு மாதம் வரை ருசி நன்றாக இருக்கும். ஒரு தடவைக்குக் கால் கிலோ போதும்.

கருகருவென்று வறுத்து எண்ணெய் மினுமினுக்கும் கொட்டை வேண்டாம். அது தொட்டியின் ஓரங்களில் ஒட்டிக்கொண்டு கிரைண்டருக்குள் வழுக்கி இறங்காது. கண்ணெதிரே கொட்டை நிறைந்திருக்கும்போதே மெஷின் ‘கொட்டை தீர்ந்துவிட்டது’ என்று விளக்கைப் போடும். சர்க்கரை பூசி வறுத்த கொட்டை இன்னும் மோசம், கிரைண்டரையே பிடித்துவிடும்.

புது மெஷினில் முதல் நாலைந்து கோப்பையை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கிரைண்டரும் பொடி அளவும் ஒரு நிலைக்கு வர அவ்வளவு ஆகும். அதன் பிறகும் காப்பி சளசளவென்று ஓடிப் புளிப்பு தட்டினால் அரைவை பெரிது; சொட்டுச் சொட்டாக இறங்கிக் கசந்தால் அரைவை நைசு. கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் திருகைத் திருப்ப வேண்டும், அதுவும் ஒரு தடவைக்கு ஒரு படி. பழைய அரைவை உள்ளே மிச்சம் இருப்பதால், மாற்றம் நாக்குக்குத் தெரிய இரண்டு கோப்பையாவது போக வேண்டும். அதுவரை பொறுக்க முடியாமல் மறுபடி மறுபடி திருப்புகிறவர்கள்தான் ‘மெஷின் சரியில்லை’ என்று சர்வீஸுக்கு போன் போடுகிறவர்கள்.

இதற்கெல்லாம் மேல் ஒரு புகார் உண்டு. வாங்கின முதல் வாரத்தில், முக்கியமாகப் பெரியவர்களிடமிருந்து வரும்: “சூடே இல்லையேப்பா!” மெஷின் மேல் தப்பில்லை. அதன் பால் நுரைக்கும் பகுதி ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த பாலை நுரைத்து 60, 65 டிகிரிக்குக் கொண்டுவந்து நிறுத்தும். பாலின் இயல்பான இனிப்பு அங்கே தூக்கலாகத் தெரியும்; 70-ஐத் தாண்டினால் நுரை கலையத் தொடங்கும். நாமோ பொங்கின பாலை டபராவில் ஆற்றிக் குடித்து வளர்ந்தவர்கள். அதோடு, கள்ளிச்சொட்டாக இறங்கிய முதல் டிகாக்ஷனுக்குப் பழகிய நாக்குக்கு, சிக்கரி இல்லாத எஸ்பிரெசோ பாலில் விழுந்ததும் காணாமல் போனது போலத்தான் இருக்கும்.

வழி இருக்கிறது. டம்ளரில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக் கொட்டிவிட்டு, 60 மில்லி டபுள் எஸ்பிரெசோ எடுங்கள். அடுப்பில் காய்ச்சிய பால் 100 மில்லி. சர்க்கரை உங்கள் விருப்பம். ஒருமுறை ஆற்றினால் நம் வாய்க்குப் பழகிய காப்பி வந்துவிடும். இப்படித்தான் குடிக்கப் போகிறீர்கள் என்றால், தானாகப் பாலை நுரைத்து ஊற்றும் பெரிய மாடல் எதற்கு? வெறும் நீராவிக் குழாய் வைத்த சின்ன மாடலே போதும். விலையில் கணிசமான வித்தியாசம் உண்டு. என் கட்சி அந்தச் சின்ன மாடல்தான்.

கப்புச்சினோதான் வேண்டும், பிள்ளைகள் கேட்கிறார்கள் என்றால், பால் குடுவை வைத்த மாடலில் குழாய் இல்லாததாக, இரண்டு துண்டாகக் கழன்று வருவதாகப் பாருங்கள். மெல்லிய ரப்பர் குழாய்க்குள் மிஞ்சிய பால் நம் ஊர் வெக்கையில் சாயங்காலத்துக்குள் புளித்துவிடும். காய்ச்சி ஆடை படிந்த பாலையும் குடுவையில் ஊற்றக் கூடாது, ஆடை அடைத்துக்கொள்ளும். பாக்கெட் பால் ஏற்கெனவே பதப்படுத்தியதுதான்; நன்றாகக் குளிர்ந்திருந்தால் பிரித்து அப்படியே ஊற்றலாம். காய்ச்சாத பாலா என்று வீட்டில் முகம் சுளித்தால், காய்ச்சி, ஆறவைத்து, வடிகட்டி, ஃபிரிட்ஜில் வைத்த பால்.

தண்ணீர் விஷயத்தைக் கம்பெனிக்காரர்கள் ஒரு வரியில் முடித்துக்கொள்கிறார்கள். நம் ஊரில் அது ஒரு வரி சமாச்சாரம் இல்லை. போர் தண்ணீர் ஊற்றும் வீட்டில் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் மெஷினின் ஹீட்டருக்குள்ளும் படியும். அங்கே தேய்க்கக் கை போகாது. பலர் இதற்குப் பயந்து ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றுகிறார்கள். உப்பு படியாது, ஆனால் உப்பு முழுக்க நீங்கிய தண்ணீரில் காப்பி சப்பென்று இறங்கும். கொட்டையின் சாரத்தை இழுத்து வர கால்சியமும் மக்னீசியமும் கொஞ்சம் வேண்டும். லிட்டருக்கு 150 மில்லிகிராம் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) என்பதைத்தான் காப்பித் தொழிலில் நல்ல இலக்காக வைத்திருக்கிறார்கள். பல ஆர்.ஓ. சாதனங்களில் இதைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு உண்டு. சர்வீஸுக்கு வருகிறவரிடம் சொன்னால் திருப்பி வைப்பார்.

மெஷினோடு தண்ணீரின் கடினத்தைச் சோதிக்க ஒரு சின்னத் தாள் துண்டு தருவார்கள். பலர் அதைப் பிரிப்பதே இல்லை. தண்ணீரில் நனைத்து, நிறத்தைப் பார்த்து, மெனுவில் அந்த எண்ணை வைத்துவிட்டால், எப்போது உப்பு நீக்க வேண்டும் என்பதை மெஷின் அதற்கேற்பக் கணக்குப் போட்டுச் சொல்லும். அந்த விளக்கு எரிந்ததும் வினிகரைத் தேடாதீர்கள், வாடை ரப்பர் வளையங்களில் தங்கிவிடும். எலுமிச்சைச் சாறும் வேண்டாம். சிட்ரிக் அமிலம் சூட்டில் கால்சியத்தோடு சேர்ந்து வேறொரு படிவை உண்டாக்கும். கம்பெனி திரவம் விலை அதிகம்தான், இந்த ஒரு இடத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இப்போது அந்தக் கூண்டு. மெஷினை அணைத்து, பக்கக் கதவைத் திறந்து, பிடியை அழுத்தி இழுத்தால் வெளியே வரும். அணைக்காமல் இழுத்தால் வராது, பலவந்தம் செய்தால் உடையும். வாரம் ஒருமுறை வெறும் தண்ணீரில், குழாய்க்கடியில் பிடித்து அலசினால் போதும். சோப்பு போட்டால் மசகு போய்விடும். மேல் சல்லடையில் விரலை ஓட்டிப் பாருங்கள்: வழவழவென்று ஒரு எண்ணெய்ப் பசை தட்டும். வறுத்த காப்பியின் எண்ணெய்தான் அது. அதுதான் நாளாக நாளாகச் சிக்கு வாடை அடித்து ஒவ்வொரு கோப்பையிலும் ஏறும். கூண்டு இருந்த பொந்துக்குள்ளும் சிந்திய ஈரப்பொடி கிடக்கும், அதை ஒரு பிரஷ்ஷால் தள்ளி எடுங்கள். இளஞ்சூடு, இருட்டு, ஈரம் மூன்றும் சேர்ந்த அந்த இடம் சின்னக் கரப்பான்களுக்குக் கல்யாண மண்டபம். சக்கை டப்பாவை நிறையும் வரை காத்திருக்காமல் தினம் இரவே கொட்டிவிட வேண்டும். இரண்டு நாள் விட்டால் வில்லைகள் மேல் வெள்ளைப் பூஞ்சை பூத்திருக்கும். சக்கையைச் செடிக்குப் போடுகிறவர்களுக்கு இது ஒரு சாக்கு. கூண்டு வெளியே வராத மெஷின்களும் உண்டு, மாத்திரை போட்டு உள்ளேயே கழுவிக்கொள்ளும். சுவிட்சர்லாந்தின் யூரா அந்த வகை. நன்றாகவே ஓடும்; ஆனால் கரப்பான் ஊரில் கண்ணால் பார்த்துக் கழுவ முடிகிற மெஷினைத்தான் நான் நம்புவேன்.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக. பெரும்பாலானவை 1,500 வாட் அளவில் இழுக்கும். 16 ஆம்பியர் பவர் பிளக்கில்தான் செருக வேண்டும், இன்வெர்ட்டர் லைனில் வேண்டாம். போடும்போதும் அணைக்கும்போதும் தானே கொஞ்சம் வெந்நீர் விட்டு அலசிக்கொள்ளும், அதை ஒழுகல் என்று நினைத்துப் பதற வேண்டியதில்லை. கிரைண்டர் சத்தம்? மிக்ஸி ஓடும் வீட்டில் அது ஒரு பொருட்டா!

விலை அரை லட்சத்தை ஒட்டித் தொடங்கி, லட்சத்தைத் தாண்டியும் போகும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் கையில் கொண்டுவரச் சொல்வது மலிவாகத் தெரியும், ஆனால் அங்கே வாங்கிய வாரன்ட்டி இங்கே பொதுவாகச் செல்லாது. அமெரிக்க மாடல் என்றால் வோல்டேஜும் வேறு. உங்கள் ஊருக்குச் சர்வீஸ் ஆள் வருவாரா, ரப்பர் வளையமும் ஃபில்டரும் இங்கே கிடைக்குமா என்பதை வாங்கும் முன்பே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

செலவுக் கணக்கு எளிது. கிலோ 1,600 ரூபாய்க் கொட்டை என்றால், 10 கிராம் கோப்பைக்கு 16 ரூபாய். கஃபேயில் 200 ரூபாய் கொடுத்துத் தினம் குடிக்கிற இரண்டு பேர் இருக்கும் வீட்டில், மெஷின் ஒரு வருஷத்துக்குள்ளேயே போட்ட பணத்தை எடுத்துவிடும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று பில்டர் காப்பி மட்டுமே குடிக்கிற வீட்டுக்கு இந்தக் கணக்கு எந்தக் காலத்திலும் ஒத்துவராது. அந்த வீட்டுக்கு நல்ல கை கிரைண்டர் ஒன்று, புதிதாய் வறுத்த பீபெரி கால் கிலோ. சிக்கரி வேண்டுமென்றால் அது மட்டும் தனியாக ஐம்பது கிராம். பில்டர் ஏற்கெனவே இருக்கும்.