தெரு பிழைத்தால்தான் கடை பிழைக்கும்



1978ஆம் ஆண்டு பள்ளிப் படிப்பை முடித்த கையோடு என் தகப்பனாரின் மொத்த மளிகைக் கடையில் உட்கார்ந்தேன். எதிர் வரிசைக் கடைக்காரருக்கும் எங்களுக்கும் அப்போது பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு நாள் அவர் கடை திறக்கவில்லை. "இன்றைக்கு அவர் வாடிக்கையெல்லாம் நமக்குத்தான்" என்று நான் மகிழ்ச்சியாகச் சொன்னேன். தகப்பனார் சிட்டையிலிருந்து தலை நிமிராமல், "அவர் கடை பூட்டினால் நமக்கு ஒரு நாள் லாபம். இப்படி நாலு கடை பூட்டினால் இந்தத் தெருவுக்கு யார் வருவார்? தெரு பிழைத்தால்தான் கடை பிழைக்கும்" என்றார்.

இஸ்ரேல், பாலஸ்தீனச் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் இந்தச் சொல் எனக்கு நினைவுக்கு வருகிறது. நான் அந்த நாட்டுக்குப் போனதில்லை. அரசியல் பேசவும் வரவில்லை. அங்கே நம்மைப் போலக் கடை வைத்திருப்பவர்களும், கூலி வேலைக்குப் போகிறவர்களும், பிள்ளையைக் கடைக்கு அனுப்புகிறவர்களும் எப்படி வாழ்கிறார்கள் என்று படித்துத் தெரிந்துகொண்டதை நம் இதழில் பகிர்ந்துகொள்கிறேன்.

பூட்டிக் கிடக்கும் கடைவீதி

மேற்குக் கரையில் ஹெப்ரான் என்று ஒரு பழைய வியாபார ஊர். திராட்சைக்கும் கண்ணாடிப் பொருளுக்கும் பெயர் பெற்றது. யூதர், முஸ்லிம் ஆகிய இரு சாராருக்கும் மூதாதையான ஆபிரகாமின் சமாதி அங்கே இருப்பதாக நம்பிக்கை. ஒரே தகப்பன் வழி வந்தவர்களின் பாகத் தகராறு எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பது நமக்குத் தெரியும்.

1929ஆம் ஆண்டு அந்த ஊரில் நடந்த கலவரத்தில் அரபுக் கூட்டம் 67 யூதர்களைக் கொன்றது. அதே நாளில் யூதர் பலரைத் தங்கள் வீட்டில் ஒளித்து வைத்துக் காப்பாற்றிய அரபுக் குடும்பங்களும் உண்டு. 1967 போரில் மேற்குக் கரை இஸ்ரேல் ராணுவத்தின் கைக்குப் போனது. பின்னர் நகரின் நடுவிலேயே யூதக் குடியேறிகள் வந்து தங்கினார்கள். 1994 பிப்ரவரி 25ஆம் தேதி ஒரு யூதக் குடியேறி, அங்கே உள்ள இப்ராஹிமி மசூதியில் தொழுதுகொண்டிருந்த 29 பேரைச் சுட்டுக் கொன்றான்.

அதன் பிறகு வந்த கட்டுப்பாடுகள், சுடப்பட்டவர்களின் தெரு மீதே விழுந்தன. ஷுஹதா தெரு என்பது ஹெப்ரானின் பெரிய கடைவீதி. முதலில் பாலஸ்தீனர்களின் வண்டிகளுக்குத் தடை. 2000ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பிறகு பெரும்பகுதியில் நடந்து போகவும் தடை. இஸ்ரேலியர்களே நடத்தும் இரண்டு மனித உரிமை அமைப்புகள் 2007இல் நகரின் நடுப்பகுதியைக் கணக்கெடுத்து வெளியிட்டன. 1,829 கடைகள் மூடிக் கிடந்தன. அதாவது, இருந்த கடைகளில் முக்கால் பங்குக்கும் மேல்.

இதில் ஒரு கணக்கை வியாபாரிகளாகிய நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். ராணுவ உத்தரவால் மூடப்பட்டவை குறைந்தது 440. மற்றவற்றில் பெரும்பாலானவற்றை யாரும் வந்து பூட்டவில்லை. வாடிக்கையாளர் வர வழியில்லாததால் தானாகவே ஷட்டர் இறங்கியது. தகப்பனார் சொன்னது இதைத்தான். தப்பிப் பிழைத்த பழைய சந்தையில், கடைகளுக்கு மேல் கம்பி வலை கட்டியிருக்கிறார்கள். மாடியில் குடியிருக்கும் குடியேறிகள் எறியும் குப்பை, கடைக்கு வருபவர் தலையில் விழாமல் இருப்பதற்காக.

வரி ஒருவர் கையில், செலவு இன்னொருவர் தலையில்

"வியாபாரம் நடந்தால் சண்டை ஓயும்" என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. அங்கே வியாபாரம் நின்றதே இல்லை. இஸ்ரேலின் ஷேக்கல் நாணயம்தான் பாலஸ்தீனக் கடைகளின் கல்லாவிலும் புழங்குகிறது. அப்படியும் சண்டை ஓயவில்லையே, ஏன்? கணக்கைப் பார்த்தால் புரியும்.

1993 செப்டம்பரில் ராபினும் அராபத்தும் கைகுலுக்கினார்கள். தொடர்ந்து 1994 ஏப்ரல் 29ஆம் தேதி பாரிஸ் நகரில் பொருளாதார உடன்படிக்கை ஒன்று கையெழுத்தானது. அதன்படி பாலஸ்தீனப் பகுதிக்கு வரும் சரக்கின் சுங்க வரியை இஸ்ரேல் வசூலித்து, நூற்றுக்கு 3 வீதம் பிடித்துக்கொண்டு, மீதியை மாதாமாதம் பாலஸ்தீன நிர்வாகத்துக்குத் தர வேண்டும். ஐந்து ஆண்டுக்கு என்று செய்த இந்த ஏற்பாடு அதற்குப் பின்னும் நீடித்தது. பாலஸ்தீன நிர்வாகத்தின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்த வழியில் வருவதுதான். தகராறு முற்றும்போதெல்லாம் இஸ்ரேல் இந்தப் பணத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. பணம் வராவிட்டால் ஆசிரியருக்கும் ஆஸ்பத்திரி ஊழியருக்கும் அரைச் சம்பளம். அரைச் சம்பள மாதத்தில் மளிகைக் கடைப் பாக்கி நோட்டு எப்படித் தடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சரக்கு ஏற்றும் முறையையும் கேளுங்கள். மேற்குக் கரையிலிருந்து இஸ்ரேலுக்குள் போகும் சரக்கைத் தர்குமியா போன்ற சாவடிகளில் ஒரு லாரியிலிருந்து இறக்கி, சோதனை போட்டு, இஸ்ரேலிய லாரியில் மறுபடி ஏற்ற வேண்டும். இரண்டு தரம் இறக்குக் கூலி, ஏற்றுக் கூலி. காத்திருப்பில் காய்கறி வாடினால் நஷ்டம் சரக்குக்காரருக்கு. குண்டு வந்துவிடுமோ என்ற இஸ்ரேலியரின் பயம் பொய்யானது அல்ல. பஸ்ஸிலும் ஹோட்டலிலும் குண்டு வெடித்து உற்றாரை இழந்தவர்கள் அவர்கள். ஆனால் அந்தப் பயத்துக்கான செலவு முழுவதும் எதிராளியின் பற்றுக் கணக்கிலேயே ஏறுகிறது.

ஒரே கடையில் இரு சாரார்

ரமி லெவி என்பவர் 1976ஆம் ஆண்டு ஜெருசலேம் மஹனே யெஹுதா சந்தையில் சிறு கடையாகத் தொடங்கி, பெரிய சூப்பர் மார்க்கெட் வரிசையாக வளர்த்தவர். மேற்குக் கரையிலும் கிளைகள் திறந்தார். குஷ் எட்சியோன் சந்திப்பில் உள்ள கடையில் யூதரும் பாலஸ்தீனரும் பக்கத்துப் பக்கத்துக் கல்லாவில் வேலை செய்தார்கள். இரு சாராரும் ஒரே வரிசையில் நின்று சாமான் வாங்கினார்கள். சமாதானம் என்றால் இதுதான் என்று பலர் புகழ்ந்தார்கள். குடியேற்ற நிலத்தில் கட்டிய கடை எங்கள் சிறு வியாபாரத்தை விழுங்குகிறது என்று பாலஸ்தீனத் தரப்பில் குறை சொன்னார்கள். 2016 பிப்ரவரியில் ஷார் பின்யாமின் கிளைக்குள் 14 வயதுப் பாலஸ்தீனச் சிறுவர்கள் இருவர் கத்தியால் குத்தியதில், விடுப்பில் இருந்த இஸ்ரேலிய வீரர் ஒருவர் இறந்தார்.

புகழ்ச்சி, குறை இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஒரே வரிசையில் நின்றால் முகம் பழகும். ஆனால் கடையை விட்டு வெளியே வந்ததும் ஒருவர் நேராக வீட்டுக்குப் போகிறார், மற்றவர் சோதனைச் சாவடியில் நிற்கிறார். கடைக்குள் இருக்கும் சமத்துவம் வாசல் வரைதான்.

வேலையும் அப்படியே. 2023 அக்டோபருக்கு முன் மேற்குக் கரையிலிருந்து சுமார் ஒன்றரை லட்சம் பேர் இஸ்ரேலிலும் குடியேற்றங்களிலும் கூலிக்குப் போய்வந்தார்கள். அக்டோபர் 7ஆம் தேதி ஹமாஸ் தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். ஏறக்குறைய 250 பேர் பிணையாகப் பிடித்துச் செல்லப்பட்டார்கள். அடுத்து வந்த போரில் காஸாவில் 60,000க்கும் மேற்பட்டோர் மாண்டதாக அங்குள்ள சுகாதாரத் துறை கணக்குச் சொல்கிறது. அந்த ஒரு தாக்குதலோடு பெரும்பாலான வேலை அனுமதிகள் நின்றன. கட்டட வேலைக்கு நம் இந்தியாவிலிருந்தும் ஆட்களை அழைத்துப் போனார்கள். பல ஆண்டு பழகிய முதலாளி, தொழிலாளி உறவு ஒரே நாளில் அறுந்தது.

கடைக்குப் போன இரண்டு பிள்ளைகள்

1997 செப்டம்பர் 4. ஜெருசலேமின் பென் யெஹுதா கடைவீதிக்குப் பள்ளிப் புத்தகம் வாங்கப் போனாள் ஸ்மதார் என்ற 13 வயது யூதச் சிறுமி. தற்கொலைக் குண்டுக்காரர்கள் அவளைக் கொன்றார்கள். 2007 ஜனவரி. அனாத்தா என்ற ஊரில், அபீர் என்ற 10 வயதுப் பாலஸ்தீனச் சிறுமி பள்ளிக்கு எதிர்க் கடையில் மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்தாள். இஸ்ரேல் எல்லைக் காவலர் சுட்ட ரப்பர் குண்டு தலையில் பட்டு இறந்தாள்.

ஸ்மதாரின் தகப்பனார் ரமி எல்ஹனான், 1973 போரில் இஸ்ரேல் ராணுவத்தில் இருந்தவர். அபீரின் தகப்பனார் பஸ்ஸாம் அராமின், 17 வயதில் கைதாகி ஏழு ஆண்டு இஸ்ரேல் சிறையில் இருந்தவர். சிறையை விட்டு வந்த பின் ஆயுதம் வேண்டாம் என்று முடிவு செய்து, ஆயுதம் ஏந்திய இரு தரப்பாரும் சேர்ந்த அமைதி அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். அபீர் இறக்கும் முன்பே இருவரும் நண்பர்கள். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ரமி அங்கே வந்து இருந்தார்.

பஸ்ஸாம் மகளுக்கான நியாயத்தை விட்டுவிடவில்லை. சுட்டவர் மேல் குற்ற வழக்கு நடக்கவில்லை என்றதும் உரிமையியல் நீதிமன்றம் போனார். அரசே பொறுப்பு என்று 2010இல் இஸ்ரேல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ராணுவத்தில் இருந்த இஸ்ரேலியர் நூறு பேர் அபீரின் பள்ளிக்கு வந்து, அவள் நினைவாக விளையாட்டுத் திடல் கட்டினார்கள். 1995இல் தொடங்கிய, பிள்ளையையோ உடன்பிறந்தவரையோ பறிகொடுத்த இரு தரப்புக் குடும்பங்களின் மன்றத்தில் இந்த இரண்டு தகப்பன்மாரும் சேர்ந்து ஊர் ஊராகப் பேசி வருகிறார்கள். 600க்கும் மேற்பட்ட குடும்பங்கள் அதில் இருக்கின்றன.

பழிக்குப் பழி என்பது வட்டிக்கு வட்டி போடுவது. அசல் எப்போதோ மறந்துபோகும், பாக்கி மட்டும் வளரும். இவர்கள் இழந்ததைத் தள்ளுபடி செய்யவில்லை. வட்டி போட மாட்டோம் என்றார்கள்.

துக்கம் கேட்கும் வழக்கம்

மாவோஸ் இனோன் ஒரு யூதர், சுற்றுலாத் தொழில் செய்பவர். 2005இல் அரபு நகரமான நாசரேத்தில், வாழ்ந்து கெட்ட ஒரு பழைய அரபு மாளிகையை விருந்தினர் விடுதியாக்கினார். முதலில் சந்தேகமாகப் பார்த்த அக்கம்பக்கத்தார், தெருவில் ஆள் நடமாட்டம் வந்ததும் பழகினார்கள். 2023 அக்டோபர் 7இல் இவருடைய தாய் தகப்பன் இருவரும் காஸா எல்லைக் கிராமத்தில் கொல்லப்பட்டார்கள்.

சில நாளில் அவருக்குத் துக்கம் விசாரித்துச் செய்தி அனுப்பியவர் அஸீஸ் அபூ சாரா என்ற பாலஸ்தீனர். அவர் அண்ணன் இஸ்ரேல் சிறையில் அடிபட்டு இறந்தவர். அஸீஸும் சுற்றுலா வியாபாரிதான். ஒவ்வொரு குழுவோடும் ஓர் இஸ்ரேலியர், ஒரு பாலஸ்தீனர் என இரண்டு வழிகாட்டிகளை அனுப்பி, இரண்டு பக்கக் கதையையும் சொல்ல வைக்கும் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அந்தத் துக்கச் செய்தியிலிருந்து இருவரும் சேர்ந்து நிற்கிறார்கள். 2024 மே மாதம் இத்தாலியின் வெரோனா நகரில் போப்பாண்டவர் முன்னிலையில் இருவரும் தழுவிக்கொண்டார்கள்.

வணிகப் பெருமக்களே! வியாபாரம் பழக்கத்தைத் தரும். அது சமாதானமாக வேண்டுமானால் தராசின் இரண்டு தட்டும் ஒரே உயரத்தில் இருந்து தொடங்க வேண்டும். ஒருவர் ஷட்டரைத் திறக்க மற்றவரிடம் அனுமதி கேட்கும் தெருவில், எத்தனை கோடிக்கு விற்றாலும் நிம்மதி வராது.

என் தகப்பனார் அன்று சாயங்காலம் எதிர்க் கடைக்காரர் வீட்டுக்குப் போனார். அவருடைய தாயார் காலமாகியிருந்தார். தகப்பனார் துக்கம் கேட்டுவிட்டு வந்தார். பத்து நாள் கழித்துக் கடை திறந்தபோது அவர்தான் முதலில் எங்கள் படியேறி வந்தார். அதன் பிறகும் போட்டி இருந்தது, பேச்சும் இருந்தது. உங்கள் எதிர்க் கடை நாளைக்குப் பூட்டியிருந்தால், என்ன ஏது என்று ஓர் எட்டு போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.