விளையாட்டுக்குள் நுழையும் வழி

தமிழ்நாட்டில் தொழிற்பங்காளியையோ குற்றத்துக்கு உடந்தையானவனையோ நினைவூட்டும் 'கூட்டாளி' என்ற சொல், மலேசியத் தமிழரிடையே நண்பனைக் குறித்து, ஐந்து வயதுப் பிள்ளையின் வாயிலும் இயல்பாகப் புழங்குகிறது. ஜொகூர் பாருவை ஒட்டிய தெப்ராவ் வட்டாரத்தில் ரப்பரும் செம்பனையும் விளைந்த காலத்தில், பிள்ளைக்குக் கூட்டாளி தேடித் தர வேண்டிய தேவை பெற்றோருக்கு இருந்ததில்லை. தோட்டத் தொழிலாளரின் லயத்து வீடுகள் நெருங்கி நின்றமையால், மூத்த பிள்ளைகளின் ஆட்டத்தை வாசற்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த சிறு பிள்ளை ஒருநாள் தானே அதற்குள் புகுந்துவிடும். தோட்டங்கள் தாமான் எனப்படும் குடியிருப்புகளான பின்னர், பூட்டிய இரும்புக் கதவுக்குப் பின்னே வளரும் பிள்ளைக்கு, அதிலும் சிங்கப்பூர் வேலைக்காக விடியுமுன்னரே கடற்பாலத்தைக் கடக்கும் பெற்றோரின் பிள்ளைக்கு, அந்த வாசற்படி இல்லாமற்போயிற்று.

அந்த வாசற்படியின் மதிப்பை ஆய்வுகளும் உணர்த்துகின்றன. மினசோட்டா பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் பிள்ளைகளைக் கவனித்த மில்ட்ரெட் பார்ட்டன் 1932இல் வெளியிட்ட கட்டுரையில், தனித்து ஆடுவதற்கும் கூடி ஆடுவதற்கும் இடையே, பிறர் ஆடுவதைப் பார்த்து நிற்பதையும், அருகருகே அமர்ந்து ஒரே வகைப் பொருளைக்கொண்டு தனித்தனியே ஆடும் 'இணை விளையாட்டை'யும் வகைப்படுத்தினார். ஓரத்தில் நிற்கும் பிள்ளை, ஆகவே, ஒதுங்கிய பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

"போய்ப் பேர் கேள், உன் பேரைச் சொல்" என்று முதுகைத் தள்ளும் பெற்றோர் நல்லெண்ணத்துடன்தான் அவ்வாறு செய்கின்றனர்; ஆயினும் மார்த்தா புட்டல்லாஸும் ஜான் காட்மனும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தி 1981இல் வெளியிட்ட ஆய்வு, ஆடிக்கொண்டிருக்கும் குழுவிடம் கேள்வி கேட்பதும் தன்னைப் பற்றிப் பேசுவதும் குழுவின் கவனத்தைத் திருப்பி, புதிதாக வந்தவரைப் புறக்கணிக்கவே பெரும்பாலும் வழிசெய்வதைக் காட்டியது. ஆட்டம் இன்னதென்று கவனித்து, அதையே தானும் அருகில் செய்து, அதற்குப் பொருந்தும் ஒரு சொல்லைச் சொல்லும் பிள்ளைக்கே இடம் எளிதில் கிடைக்கிறது. மணல்வீடு கட்டுவோரிடம் பேர் கேட்பதைவிட ஒரு கை மணல் கொண்டுபோய்க் கொட்டுவது மேலான அறிமுகம். மலாய்ப் பிள்ளையும் சீனப் பிள்ளையும் சேர்ந்தாடும் தாமான் திடலில், பொதுமொழி வாய்க்காத தமிழ்ப் பிள்ளைக்கும் அந்த அறிமுகம் செல்லுபடியாகும்.

ஆட்டத்துக்குள் நுழையும் இத்திறனை வீட்டிலேயே பழக்கலாம். ஒரு சமயத்தில் ஒரு பிள்ளையை மட்டும் அழைப்பது, இருவருக்கும் போதுமான கட்டைகளைப் பரப்பிவைப்பது, இருவர் சேர்ந்து ஆடும் பல்லாங்குழியை, மலாய்க்காரரின் சொங்காக்கை ஒத்த அந்த ஆட்டத்தை, அடுத்த கட்டமாகத் தருவது ஆகியவை போதும். "இவள் கூச்சக்காரி" என்று பிள்ளையின் காதுபட விருந்தினரிடம் சொல்வதைத் தவிர்ப்பது இவையனைத்தையும்விட இன்றியமையாதது. மெல்லப் பழகுவது பிறவி இயல்புகளுள் ஒன்றேயன்றிக் குறையன்று.

பாலர் பள்ளி திறக்குமுன், ஒவ்வொரு மாலையும் அதே வேளையில் அதே திடலுக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லும் பெற்றோர், கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு, எட்டியிருக்கும் இருக்கையில் சற்றே வாய்மூடி அமர்ந்திருப்பார்களாக.